கட்டிலில் படுத்ததும் தூக்கம் எங்கே போகிறது?

கேள்வி இதுதான்: "ஹாலில் டிவி பார்த்துக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கி வழிகிறேன். வீட்டில் எழுப்பி 'உள்ளே போய்ப் படுங்க' என்கிறார்கள். கட்டிலில் தலை வைத்ததும் தூக்கம் போய்விடுகிறது. ஒரு மணி, இரண்டு மணி வரை கொட்டக் கொட்ட முழித்திருக்கிறேன். என் ஆழ்மனதில் ஏதாவது பயம் இருக்கிறதா? ராத்திரி முழுக்க ஓடவிடுகிற ஆழ்மன ஆடியோக்கள் பலன் தருமா?"

நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனையின் ஸ்லீப் லேபில் பதினோரு வருஷமாக ராத்திரி டூட்டி பார்க்கும் டெக்னீஷியன். வருகிறவர்களின் தலையில் வயர் ஒட்டி, பக்கத்து அறையில் உட்கார்ந்து, அவர்கள் தூங்குவதை விடிய விடிய கம்ப்யூட்டர் திரையில் பார்ப்பது என் வேலை. அடுத்தவன் தூங்குவதைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற ஆள் என்று என் மச்சான் கிண்டல் செய்வான்.

உங்கள் ஆழ்மனதில் பயம், ரகசியம் என்று எதையும் தேட வேண்டாம் என்பது என் எண்ணம். அது ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கட்டில் என்றால் முழித்திருக்கும் இடம் என்ற பாடம். இது கற்பனை இல்லை, லேபில் கண்ணால் பார்க்கிற விஷயம்.

லேபில் படுப்பது எப்படியிருக்கும் என்று முதலில் சொல்கிறேன். தலையை டேப்பால் அளந்து, பென்சிலால் குறி வைத்து, சின்னக் கிண்ணம் போன்ற எலெக்ட்ரோடுகளைப் பிசுபிசுப்பான பேஸ்ட் வைத்து ஒட்டுவோம். கண் ஓரத்தில், தாடையில், மார்பில், கெண்டைக்காலில் இன்னும் சில. மூக்கில் ஒரு குழாய், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பெல்ட், விரலில் சிவப்பாக எரியும் கிளிப். மேலே கேமரா வேறு. இவ்வளவையும் மாட்டிவிட்டு "நல்லாத் தூங்குங்க சார்" என்று விளக்கை அணைத்துவிட்டு வருவோம். யாருக்குத் தூக்கம் வரும்? வீட்டில் நன்றாகத் தூங்குகிறவர்கள் இங்கே புரண்டு புரண்டு படுப்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வைத்திருக்கும் பெயரை அப்படியே தமிழில் 'முதல் இரவு விளைவு' என்று எழுதினால் நம் ஊரில் வேறு அர்த்தமாகிவிடும். புது இடத்துத் தூக்கம் என்றே வைத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் மசாகோ தமாகி, யுகா சசாகி குழுவினர் 2016இல் இதற்கு ஒரு நல்ல விளக்கம் கொடுத்தார்கள். புது இடத்தில் தூங்கும் முதல் ராத்திரி, ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழமாகத் தூங்கவில்லை. வழக்கமில்லாத ஒரு சத்தம் வந்தால் இடது பாதியிலேதான் சலனம் அதிகம். வாசலில் ஒருவனைக் காவலுக்கு நிறுத்திவிட்டு மற்றவர்கள் தூங்குவது மாதிரி. பிறகு அதே இடத்தில் இன்னொரு தடவை தூங்கியபோது இந்த ஏற்றத்தாழ்வு காணாமல் போனது.

இதெல்லாம் நன்றாகத் தூங்குகிறவர்கள் கதை. வீட்டில் வருஷக்கணக்காகத் தூக்கம் வராமல் தவிக்கிறவர்களில் சிலர், அத்தனை வயரோடும் இங்கே படுத்துக் கால் மணி நேரத்தில் தூங்கிப்போகிறார்கள்! காலையில் வயரைக் கழற்றும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். "வீட்ல வராத தூக்கம் இங்க எப்படி சார் வந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார். டாக்டரிடம் பொய் சொன்னதாக ஆகிவிடுமோ என்ற கவலை அவருக்கு. பொய்யில்லை. பீட்டர் ஹௌரி என்ற தூக்க ஆராய்ச்சியாளர் 1989இலேயே இந்தத் தலைகீழ் விஷயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். லேபில் தூங்கிய அந்த நோயாளியின் வீட்டுக் கட்டில், தலையணை உறையின் நாற்றம், ஜன்னல் வழியாக விழும் தெருவிளக்கு வெளிச்சம், பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு, எல்லாமே அவருக்கு முழிப்பின் அடையாளங்களாகிவிட்டன. லேபில் அந்த அடையாளம் எதுவும் இல்லை. அதனால் தூக்கம் வந்தது. ஹாலில் உங்களுக்கு வருவதும் இப்படித்தான்.

இந்தப் பாடம் எப்படிப் பதிகிறது? பாவ்லோவின் நாய்க் கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். சாப்பாட்டோடு சேர்த்து ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய், பிறகு சத்தத்துக்கே எச்சில் ஊறவிட்டது. நாய் யோசித்து முடிவெடுக்கவில்லை. வாயில் தானாக ஊறியது. உங்களுக்கும் எப்போதோ ஒரு கெட்ட காலம் இருந்திருக்கும். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம், வீட்டுக் கடன் தவணை தவறிய மாதம், பையனின் பிளஸ் டூ ரிசல்ட். அப்போது பல ராத்திரி கட்டிலில் கிடந்து விட்டத்தைப் பார்த்தீர்கள். அம்மா குணமாகி வீடு திரும்பிவிட்டார், பையன் காலேஜில் சேர்ந்துவிட்டான். ஆனால் கட்டிலுக்கும் முழிப்புக்கும் விழுந்த முடிச்சு மட்டும் அவிழவில்லை. அதற்கு மேல் நாமே அதை இறுக்குகிறோம். தூக்கம் வரவில்லையே என்று சீக்கிரமே போய்ப் படுக்கிறோம். கட்டிலிலேயே போன் பார்க்கிறோம், ஆபீஸ் மெயிலுக்குப் பதில் போடுகிறோம், குடும்பச் சண்டையையும் அங்கேதான் வைத்துக்கொள்கிறோம்.

பழைய வீடுகளில் விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிடுவார்கள். பகலில் படுக்கை என்ற ஒன்று கண்ணில் படாது. பாயை விரித்தால் தூங்க, சுருட்டினால் எழுந்துகொள்ள. இடம் போதாமல் வந்த பழக்கம்தான். ஆனாலும் இன்றைக்குத் தூக்க மருத்துவத்தில் சொல்லித்தரும் பாடமும் கிட்டத்தட்ட அதேதான்.

"சரி, தூங்கும்போது நமக்குத்தான் நினைவே இருக்காதே, அப்போது அடையாளம் என்ன செய்யும்?" என்று தோன்றும். இங்கேதான் என் திரை உதவுகிறது. ஒரு ராத்திரி இரண்டரை மணி. உள்ளே படுத்திருந்தவர் பெயர் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். மிதமான தூக்கம், அலைகள் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தன. வெளியே வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் கடகடவென்று போனது, யாரோ இருமினார்கள், லிஃப்ட் மணி அடித்தது. திரையில் பெரிதாக ஒன்றுமில்லை. அப்புறம் அட்டெண்டர் கேன்டீன் பையனைக் கூப்பிட்டார். அவன் பெயரும் செல்வம். "செல்வம், டீ இருக்கா?" அவ்வளவுதான் கேட்டார். உள்ளே தூங்குகிறவரின் அலையில் செங்குத்தாக ஒரு பெரிய கொக்கி எழுந்து இறங்கியது. அவர் விழிக்கவில்லை, புரளக்கூட இல்லை. காலையில் கேட்டால் எதுவும் தெரியாது என்றார்.

அந்தக் கொக்கிக்குக் கே-காம்ப்ளெக்ஸ் என்று பெயர். 1930களில் ஆல்ஃபிரட் லூமிஸ் என்ற அமெரிக்கர் தன் சொந்த ஆய்வுக்கூடத்தில் முதலில் கவனித்தது. 1960இல் இயன் ஆஸ்வால்டும் அவருடைய கூட்டாளிகளும் தூங்குகிறவர்களுக்கு வரிசையாகப் பல பெயர்களை ஒலிக்கவிட்டார்கள். மற்றவர் பெயரைவிடத் தன் பெயர் வந்தபோது இந்த அலை அதிகமாக எழுந்தது. அதாவது, தூங்கும் மூளை காதை மூடிக்கொள்வதில்லை. வருகிற சத்தத்தைச் சலித்து, இது நமக்கா, இல்லையா என்று பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறது. இடி இடித்தாலும் அசையாத தாய், குழந்தை முனகினால் எழுந்து உட்காருவது இந்தச் சல்லடையால்தான்.

சத்தம் வந்தால் மட்டுமில்லை, நின்றாலும் மூளைக்குச் செய்திதான். கரண்ட் போய் ஃபேன் நின்றதும் வீடே விழிப்பது நம் எல்லோருக்கும் தெரியும். வியர்த்து விழிக்கிறோம் என்று நினைக்கிறோம். வியர்க்க ஐந்து நிமிஷமாவது ஆகுமே! லேபில் என் கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.ஸில் ஓடும்; நோயாளியின் அறை ஏ.சி. ஜெனரேட்டர் எடுக்கும் வரை சில நொடிகள் நின்றுவிடும். அந்தச் சில நொடியிலேயே திரையில் தூக்கம் கலைந்த அடையாளம் வந்துவிடும். அறைச் சூடு ஒரு டிகிரிகூட ஏறியிருக்காது. ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றதுதான் விஷயம்.

யாருமே ராத்திரி முழுக்க ஒரே நீட்டாகத் தூங்குவதில்லை. நல்ல தூக்கத்திலும் பல தடவை சில நொடிகள் மேலே வந்துவிட்டு மறுபடி உள்ளே போகிறோம். காலையில் அது நினைவிருக்காது. மேலே வரும் அந்த நொடியில் மூளை சுற்றுமுற்றும் பார்க்கிறது, தூங்கப்போனபோது இருந்ததெல்லாம் இருக்கிறதா என்று. இருந்தால் சரி, மறுபடி தூங்கிவிடும். தூளியில் ஆட்டித் தூங்கவைத்த குழந்தை ஆட்டம் நின்றதும் கண்ணைத் திறப்பது இதனால்தான். (ஆட்டத்துக்கே தனியாகவும் ஒரு சக்தி உண்டு. ஜெனீவாவில் 2011இல் பெரியவர்களை நான்கு நொடிக்கு ஒரு தடவை மெதுவாக ஆடும் கட்டிலில் பகல் தூக்கம் தூங்கவைத்தார்கள். ஆடாத கட்டிலைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். நம் பாட்டிகளுக்கு இது செய்தியே இல்லை.) டிவி சத்தத்தில் தூங்கிய உங்களை எழுப்புவதும் பல நாள் "எழுந்திருங்க" என்ற குரலாக இருக்காது. ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்த அந்த அமைதிதான் எழுப்பியிருக்கும்.

எழுந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஹால் டியூப்லைட்டைப் போடுகிறீர்கள். கேட்டைப் பூட்டுகிறீர்கள், கேஸை மூடுகிறீர்கள், பல் தேய்க்கிறீர்கள், மாத்திரை போடுகிறீர்கள். கடைசியில் கட்டில். நல்லாத் தூங்குகிறவருக்கு இந்த வரிசை முழுக்கத் தாலாட்டு. உங்களுக்கு ஒவ்வொன்றும் 'இன்றைக்கும் போராட்டம்தான்' என்று முன்னறிவிப்பு. வெளிச்சம் வேறு தனியாக வேலை செய்கிறது. கண்ணுக்குள்ளேயே, விழித்திரையில், பார்ப்பதற்காக இல்லாமல், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. முழுப் பார்வை இழந்தவர்களில் சிலருக்கும் வெளிச்சம் பட்டால் மெலடோனின் என்ற இரவு ஹார்மோன் குறைவதை 1995இலேயே காட்டியிருக்கிறார்கள். பார்க்கவே முடியாத வெளிச்சம் உடம்பை மாற்றுகிறது என்றால், இதைவிட 'நமக்குத் தெரியாமல் நடப்பது' வேறு என்ன?

அடுத்தது முயற்சி. தூக்கத்தை இழுத்துப் பிடிக்கப் போனால் அது ஓடும். 1996இல் டேனியல் வெக்னர் குழுவினர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். படுத்திருப்பவர்களில் சிலருக்கு ராணுவ அணிவகுப்பு இசை, சிலருக்கு மெல்லிய இசை. பாதிப் பேரிடம் 'எவ்வளவு சீக்கிரம் முடியுமோ தூங்குங்கள்', மீதிப் பேரிடம் 'எப்போது வருகிறதோ அப்போது தூங்குங்கள்' என்று சொன்னார்கள். அணிவகுப்பு இசைக்கு நடுவே சீக்கிரம் தூங்கப் பாடுபட்டவர்களுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. உங்கள் தலைக்குள் ஓடும் கவலைகளை அந்த பேண்டு வாத்தியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மணி பார்ப்பதும் இந்த வகைதான். தூங்கும்போதும் மூளை மணியைக் கணக்கு வைக்கிறது என்பதற்கு ஜெர்மனியின் லூபெக்கில் யான் போர்ன் குழுவினர் 1999இல் செய்த ஆய்வு அருமையான சாட்சி. ஆறு மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லிப் படுக்கவைத்தவர்களின் ரத்தத்தில், ஐந்து மணியிலிருந்தே ஒரு விழிப்பு ஹார்மோன் ஏறத் தொடங்கியது. ஒன்பது மணிக்கு என்று சொல்லிவிட்டு ஆறுக்கே எழுப்பியவர்களுக்கு அந்த முன்னேற்பாடு இல்லை. விடிகாலை ரயிலுக்கு அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துக்கொள்கிறோமே, அதுதான். அதே திறமை உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும். தினமும் மூன்று மணிக்கு விழித்து, போனை எடுத்து 3:04 என்று பார்த்து, 'ஐயோ, இன்றைக்கும்' என்று பெருமூச்சு விட்டால், மூன்று மணியும் ஒரு சந்திப்பு நேரமாகிவிடும். படுக்கையிலிருந்து தெரிகிற மாதிரி கடிகாரம் வேண்டாம். தூக்கத்துக்கு மார்க் போடும் ஸ்மார்ட் வாட்சும் இதில் சேர்த்திதான். அந்த மார்க்கைப் பார்த்தே தூக்கம் கெடுகிறவர்களுக்கு ஆர்த்தோசோம்னியா என்று 2017இல் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

ஆடியோ விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி முழுக்க ஓடி ஆழ்மனதை மாற்றி எழுதும் என்று விற்பதை நான் நம்பவில்லை. 1950களில் சார்லஸ் சைமன், வில்லியம் எம்மன்ஸ் என்ற இருவர் தூங்குகிறவர்களுக்குக் கேள்வி பதில்களை ஒலிபரப்பி, கூடவே மூளை அலையையும் பதிவு செய்தார்கள். நிஜமாகத் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒலித்தவை காலையில் நினைவில் இல்லை. அரை முழிப்பில் கேட்டதுதான் கொஞ்சம் ஒட்டியது. தூக்கத்தில் இந்த மாதிரிப் புதுப் பாடம் ஏறுவதாகத் தெரியவில்லை. ஆனால் பழைய பாடத்தைக் கிளறலாம். 2007இல் ஜெர்மனியில் ரோஜா வாசனையோடு படங்களின் இடங்களை மனப்பாடம் செய்யவைத்து, ஆழ்ந்த தூக்கத்தில் அதே வாசனையை விட்டார்கள். மறுநாள் ஞாபகம் கூடியிருந்தது. (வாசனை என்றதும் ஒன்று. ஃபில்டர் காபி வாசனையில் விழித்தேன் என்பது அழகான பேச்சு. 2004இல் நடந்த ஒரு சிறிய ஆய்வில், ஆழ்ந்த தூக்கத்தில் கடுமையான நாற்றத்துக்குக்கூட ஆட்கள் எழவில்லை. புகை வந்தால் விழித்துக்கொள்வோம் என்று நம்பி இருக்கக்கூடாது.)

தூங்கும் முன் கேட்பது வேறு. ஸ்விட்சர்லாந்தில் 2014இல் மாரன் கோர்டி, பியோர்ன் ராஷ் குழுவினர் பெண்களுக்கு மெல்லிய ஹிப்னாஸிஸ் உரை ஒன்றைக் கேட்கவிட்டார்கள். இதற்கெல்லாம் எளிதில் இசைகிற மனம் உள்ளவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் 80 சதவீதம் கூடியது. இசையாதவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. உங்களுக்குப் பிடித்த குரல் ஒன்று இருந்தால் கேளுங்கள், தப்பில்லை. தூங்கியதும் தானாக நிற்கிற மாதிரி வைக்காதீர்கள். டிவி கதைதான் திரும்ப நடக்கும். படுப்பதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டு முடித்துவிடுவது உத்தமம்.

முடிச்சை அவிழ்க்கும் வழியை 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்னார். இன்றும் அதுதான் அடிப்படை. தூக்கம் வந்தால் மட்டும் படுக்க வேண்டும். அசதி வேறு, தூக்கம் வேறு. உடம்பு வலித்தால் அசதி; கண் செருகி, படித்த வரியையே மறுபடி படித்தால் தூக்கம். படுத்து ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை என்று தோன்றினால் (தோன்றினால் போதும், மணி பார்க்க வேண்டாம்) எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவது செய்யலாம். துணி மடிப்பது நல்லது, பழைய மின்கட்டண ரசீதுகளை அடுக்குவது அதைவிட நல்லது. கண் செருகினால் மட்டும் திரும்பிப் போங்கள். மறுபடி வரவில்லையா, மறுபடி எழுந்திருங்கள். ஒரே ராத்திரியில் ஐந்து தடவையானாலும் சரி. எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். பகல் தூக்கம் கிடையாது. கட்டிலில் தூக்கத்தையும் தாம்பத்தியத்தையும் தவிர வேறு எதுவும் கூடாது. ஒரே அறை வீடாக இருந்தால், பாயைச் சுருட்டி வைத்துவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாலும் போதும்.

முதல் சில நாள் இப்போதைவிட மோசமாக இருக்கும். அதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதால்தான் மூன்றாம் நாளே எல்லோரும் கைவிடுகிறார்கள். அந்த நாட்களில் நெடுந்தூரம் வண்டி ஓட்டாதீர்கள். பகலில் சேரும் தூக்கக் களைப்புதான் இங்கே உங்கள் பக்கம். 'பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது' என்பார்கள். நித்திரையை அந்த அளவுக்குப் பசிக்கவிட்டால், கட்டிலைப் பற்றி மூளை வைத்திருக்கும் புகாரை அது கேட்காது. பல நாள் தொடர்ந்து கட்டிலில் படுத்துக் கொஞ்ச நேரத்தில் தூங்கினால் பழைய பாடத்தின் மேல் புதுப் பாடம் படியும். அறிவுரையாலோ ஆடியோவாலோ படியாது. இதை உள்ளடக்கிய, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சையைத்தான், மாத்திரைக்கு முன்பாக முதலில் முயல வேண்டும் என்று மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. மனநல மருத்துவர் அல்லது உளவியலாளர் துணையோடு செய்தால் எளிது.

ஒரு எச்சரிக்கை. ஹாலில் மட்டுமில்லாமல் பஸ்ஸிலும் மீட்டிங்கிலும் சிக்னலிலும் தலை தொங்குகிறது, குறட்டையும் உண்டு, நடுவில் மூச்சு நின்று திணறுவதாக வீட்டில் சொல்கிறார்கள் என்றால், மேலே சொன்னதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். அது மூச்சுத் தடை நோயாக இருக்கலாம். விடிகாலை விழிப்போடு எதிலும் பிடிப்பில்லாத துக்கமும் சேர்ந்திருந்தாலும் அப்படித்தான்.

அதெல்லாம் இல்லை, நீங்கள் எழுதியது மட்டும்தான் என்றால், இன்று ராத்திரியே ஒன்று செய்து பாருங்கள். கேட் பூட்டு, கேஸ், பல் தேய்ப்பு, மாத்திரை எல்லாவற்றையும் டிவி முன்னால் உட்காருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை தலை தொங்கியதும், இன்னும் ஐந்து நிமிஷம் என்று சாயாமல், நேராகப் போய்ப் படுங்கள். அங்கே தூக்கம் போய்விட்டால் எழுந்து வாருங்கள். ஆனால் சோபாவில் உட்காராதீர்கள். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காருங்கள்.